பக்கத்து வீட்டு மூச்சு

தென்துருவக் குடியிருப்பில் ஒவ்வொரு வீட்டாரும் வெளிவிடும் மூச்சின் கரிக்காற்று குழாய் வழியே அந்தந்த வீட்டுக்கு அடியில் இருக்கும் பழைய எரிமலைப் பாறைக்குள்தான் போக வேண்டும். பாறையின் குமிழ்க் குழிகளில் அது கல்லாக உறைந்துவிடும். அடுத்தவர் பாறைக்குள் கசிவது நிரூபணமானால் கசியவிட்ட வீட்டார் அடுத்த கப்பலில் ஊர் திரும்ப வேண்டியதுதான்.

"உங்க வீட்டு மூச்சு என் பாறைக்குள்ள வருது," என்று பக்கத்து வீட்டுக் குருசுமுத்து மறுபடியும் கத்தினார். "இப்ப வயித்துல வேற ஒண்ணு!"

"அளந்து பேசுங்க அண்ணாச்சி," என்றாள் பிள்ளைத்தாய்ச்சியான பெனிட்டா. "நானே பாறையைத் துளைச்சுப் பாத்துச் சொல்லுதேன்."

"மாலை வகுப்பு மகராசி சொல்லட்டும், கேப்போம்."

தொலைவழி மாலை வகுப்பில் பாறையியல் படித்துவந்த அவள் ஒருத்திதான் குடியிருப்பில் கல் பார்க்கத் தெரிந்தவள். தன் வீட்டுக்கு அடியிலிருந்து எடுத்த கல்லை அறுத்துப் பார்த்தாள். குழிகளெல்லாம் வெள்ளையாக அடைத்திருந்தன. ஒரு சொட்டு அமிலம் விட்டாள். உறைந்த மூச்சாக இருந்தால் நுரைத்திருக்கும், நுரைக்கவில்லை. தன் கைமேல் நம்பிக்கையில்லாமல் இன்னொரு துண்டை அறுத்தாள், பிறகு இன்னொன்றை. எரிமலை குளிர்ந்த காலத்திலேயே வெந்நீர் ஊறி அந்தக் குழிகள் வேறு கனிமத்தால் நிரம்பிவிட்டிருந்தன. உறைய இடமில்லாமல், குடிவந்த நாளிலிருந்து தங்கள் மூச்சு முழுவதும் குருசுமுத்துவின் பாறைக்குத்தான் போயிருக்கிறது.

எதைப் பற்றியும் அவள் இவ்வளவு உறுதியாக இருந்ததில்லை.

"என்ன டீச்சரம்மா, கல்லு என்ன சொல்லுது?" என்று கேலியாகக் கேட்டபடி வாசலில் வந்து நின்றார் குருசுமுத்து.

பெனிட்டா கல்லைத் துணியால் மூடினாள். "சரியாத் தெரியல அண்ணாச்சி. எனக்கு இன்னும் அவ்வளவு படிப்பு வரல."

"அதான பாத்தேன்! படிச்ச லட்சணம்!"

அவர் எகத்தாளமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பை அவள் வாங்கிக்கொண்டாள்.