உப்பு விற்ற எள்ளுத் தாத்தா

"எள்ளுத் தாத்தா ராஜா சபையில என்ன உத்தியோகம் பார்த்தாராம்?"

சியோல் ஆவணக் காப்பகத்திலிருந்து திரும்பிய மகள் ஹேவோனிடம் ஆவலாகக் கேட்டார் கில்ஹோ. மடியில் தடிமனான குலப் புத்தகம்.

"தெருத்தெருவா உப்பு வித்தாருப்பா. பழைய குடிக்கணக்குல அப்படித்தான் இருக்கு."

"உளறாதே! இதுல அவரை அதிகாரியோட மகன்னு போட்டிருக்கு."

"அந்த அதிகாரி செத்த வருஷத்தைப் பாருங்க. தாத்தா பிறக்கறதுக்கு ஆறு வருஷம் முன்னாடி! இதை எழுதினவங்களுக்கு நம்ம எள்ளுத் தாத்தா என்ன கொடுத்தாரோ, வாரிசில்லாம செத்த பெரிய மனுஷனுக்குத் தன்னை மகன்னு எழுத வச்சிட்டாரு."

கில்ஹோ விரல் விட்டு எண்ணினார். முகம் சிவந்தது.

"அப்ப நாம இந்தக் குலமே இல்லையா?"

"ஒரு சொட்டு ரத்தம்கூட இல்ல."

"மானம் போற சேதியைச் சொல்லிட்டு ஏன்டி சிரிக்கிற?"

ஹேவோன் வாசல் கதவைத் திறந்தாள். பேரிக்காய்ப் பெட்டியோடு நின்றிருந்த இளைஞன் குனிந்து வணங்கினான்.

"இவரு தேசிக். அந்தப் புத்தகத்துல நானூத்திப் பன்னண்டாம் பக்கம். நேத்து வரைக்கும் நமக்குப் பங்காளி, எனக்கு அண்ணன் முறை."

"இன்னைக்கு?"

"உங்க மாப்பிள்ளை."