மீட்டரில் விழுந்த சத்தம்

மார்ச் 3, செவ்வாய்க்கிழமை. விமான நிலையத்தின் கிழக்கு ஓடுதளத்தைப் பழுதுபார்ப்புக்காக மூடி மூன்று மாதம் ஆகியிருந்தது. அந்தப் பக்கம் விமானங்கள் வருவதில்லை. ஓடுதளத்துக்கு எண்ணூறு மீட்டர் தள்ளியிருந்த வீட்டிலிருந்து, சத்தம் தடுக்கும் இரட்டைக் கண்ணாடி ஜன்னல் கேட்டு மனு வந்திருந்தது. சத்தம் எழுபது டெசிபலைத் தாண்டினால்தான் ஜன்னல் கிடைக்கும். ஒலி ஆய்வாளர் கருவியோடு போனார்.

"விமானமே வரலையேம்மா, எதை அளக்கறது?"

"காலையில பதினொன்னு இருபதானா பிள்ளை அலறிக்கிட்டு எழுந்துடுது சார். நீங்க வச்சுப் பாருங்க," என்றாள் வீட்டுக்காரி. குழந்தை பிறந்து நாற்பது நாள்தான் ஆகியிருந்தது.

11.20க்கு அவள் பாதிப் பேச்சில் நிறுத்தினாள். கணவனும் டம்ளரைக் கையில் பிடித்தபடி நின்றான். 11.20 விமானம் தலைக்கு மேல் போன நாட்களில் அந்தத் தெருவில் எல்லோரும் அப்படித்தான் நிற்பார்கள்.

இருபத்திரண்டு விநாடி கழித்துக் கணவன் சிரித்தான். "நாள் முழுக்க இவ வாயை மூடுறது இப்ப மட்டும்தான் சார். பழக்கம் விடமாட்டேங்குது."

உள்ளே குழந்தை வீறிட்டது. அதற்கு முன் ஆய்வாளரின் காதில் எந்தச் சத்தமும் விழவில்லை. ஆனால் அந்த இருபத்திரண்டு விநாடிக்கும் மீட்டரில் 84 பதிவாகியிருந்தது.

"எந்த விமானம்?" என்று அலுவலகத்தில் மேலதிகாரி கேட்டார்.

"எதுவும் இல்ல சார்."

"உங்களுக்குச் சத்தம் கேட்டுச்சா?"

"இல்ல சார். மீட்டரை ரெண்டு தடவை சோதிச்சுட்டேன், சரியாத்தான் இருக்கு."

"விதியில மீட்டரைத்தான்யா சொல்லியிருக்கு, உங்க காதை இல்ல. அனுமதின்னு எழுதுங்க."

அடுத்த வியாழக்கிழமை ஜன்னலை மாற்றினார்கள். மறுநாளிலிருந்து குழந்தை மதியம்வரை தூங்குகிறது.