சாலையின் நடுவிலிருந்து

எங்கள் வாசலுக்கு வந்ததும் நகரமைப்பு அதிகாரி செருப்பைக் கழற்றினார்.

படியோரத்தில் அம்மன். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, வேப்பிலை சுற்றிய கருங்கல்.

"அம்மவாரு இருக்கிற இடம். இந்த வீட்டை விட்டுவிடலாம்" என்று தெலுங்கில் சொன்னார். டேப் பிடித்தவர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள்.

சாலையை அகலப்படுத்தப் பதினாலு அடி வேண்டும். அத்தனையையும் எங்கள் பக்கத்திலேயே அளந்து, சிவப்புக் கோடு போட்டுக்கொண்டு வந்தார்கள். எதிரில் காணிப்பாக்கம் போகிற பக்தர்கள் தங்கும் மூன்று மாடி லாட்ஜ். அதன் மேல் ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை.

அடுத்தது கன்னியம்மாள் வீடு. ஒரே அறை. அதன் ஆழமே பதினாலு அடிதான். அவள் கதவைச் சாத்திவிட்டு, அதன் முன்னால் நின்றாள்.

மாமா முனிகிருஷ்ணன் அம்மாவைப் பார்த்துக் கண்ணடித்தார்.

அம்மா படியிறங்கினாள்.

"சார், செருப்ப மாட்டிக்கோங்க. இது சாமி இல்ல. எங்க வூட்டு அம்மிக் குழவி. காலையில எங்கண்ணன் மஞ்சள் பூசி நட்டு வெச்சிகிறாரு."

"ஏய் பிரேமா, வூடு தப்பிச்சிக்கினு கீது. வாயி சும்மா இருக்காதா உனுக்கு?" மாமா பல்லைக் கடித்தார்.

அம்மா குழவியைப் பிடுங்கினாள். குங்குமத்தை முந்தானையால் துடைத்தாள்.

"நடு ரோட்லர்ந்து அளங்க. அந்தாண்ட ஏழு, இந்தாண்ட ஏழு. பிளான்ல அப்டித்தான் கீதாம். எம்பொண்ணு பாத்துட்டு சொன்னா."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

மாலை வகுப்பில் வரைபடப் படிப்பு எனக்கு இன்னும் பாதிகூட முடியவில்லை. மாஸ்டர் பிளானில் எங்கள் சாலையை மூன்று முறை அளவுகோல் வைத்துப் பார்த்திருந்தேன். மூன்று முறையும் இரண்டு பக்கமும் சமமாகத்தான் வந்தது. ஆனால் நடுக்கோடு என்று நான் நினைத்தது வேறு ஏதாவது கோடாக இருந்தால்? சும்மா தப்பித்திருக்க வேண்டிய வீட்டில் முன் அறையும் பாதிச் சமையலறையும் போய்விடும்.

அதையேதான் அதிகாரியும் அம்மாவிடம் சொன்னார். "பதினாலுதான் சரின்னு வந்தா உங்க வீட்டையும் விட முடியாதும்மா."

"போவட்டும். அளங்க."

"பிளான விரிச்சிப் பாருங்க சார்" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

ஜீப்பின் முன்பக்கத்தில் அதை விரித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு டேப்பைச் சாலையின் நடுவுக்குக் கொண்டுபோகும்படி கையைக் காட்டினார்.

லாட்ஜ்காரர் காதில் போனோடு ஓடிவருவதற்குள் அவருடைய கிரானைட் படிகளில் கோடு விழுந்துவிட்டது. கன்னியம்மாள் கதவைத் திறந்துவிட்டாள். கோடு அவள் அறையின் நடுவில் நின்றது. பாதி வீடு மிச்சம்.

எங்களுக்கு ஏழடி போகும்.

"ஒண்ணும் போவாம இருந்திச்சி. இப்ப ஏழடி. திருப்தியா?" என்றார் மாமா.

"ரொம்ப" என்று சொல்லிவிட்டு, அம்மா குழவியைக் கழுவப் போனாள்.

எதை முதலில் ஒதுக்குவது என்று பார்க்க முன் அறைக்குள் போனேன்.

ஜன்னலோரம் காலியாக இருந்தது. அம்மாவின் தையல் மிஷின் அங்கே இல்லை. நான் எழுவதற்கு முன்பே அதை உள்ளே தள்ளியிருக்கிறாள்.

வாசற்படியிலிருந்து அளந்து பார்த்தேன்.

எட்டாவது அடியில் இருந்தது. ஊசியில் நூல் கோத்திருந்தது.