மேட்டுக்கு அந்தப் பக்கம்

"கூடை எங்கே சார் இருக்கு? இங்கேருந்து ஒண்ணுமே தெரியலையே?"

"தெரியக்கூடாதுன்னுதானே தம்பி மண்டையை உடைச்சுக்கிட்டு இந்த ஹோலை வடிவமைச்சேன்!" என்றார் பெண்ணின் அப்பா, விறைப்பாக நின்றபடி.

பல் டாக்டர் கையிலிருந்த தட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான்.

அவன் கட்டிக்கொள்ள விரும்பும் பெண்ணின் குடும்பம் நடத்தும் டிஸ்க் கோல்ஃப் மைதானம் அது. பந்துக்குப் பதில், கையால் எறியும் பிளாஸ்டிக் தட்டு. குழிக்குப் பதில், ஆளுயரக் கம்பத்தில் சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடை; பெயர் மட்டும் ஹோல்தான். மைதானப் பராமரிப்பு அவள் பொறுப்பு. மற்ற ஹோல்களை அவளிடமே கற்றுக்கொண்டு சுமாராக ஆடப் பழகியிருந்தான்.

இந்தக் கடைசி ஹோல் புதிது. இரண்டு மரங்களுக்கு நடுவே ஓர் ஆள் நுழையும் இடைவெளி. அதைத் தாண்டியதும் பெரிய மண்மேடு. தட்டு மேட்டைச் சுற்றி இடப்பக்கம் வளைய வேண்டும். கூடை அந்தப் பக்கம்.

"நேரா எறிஞ்சா?"

"மரம் திருப்பி அனுப்பிடும்."

"மேட்டுக்கு மேல தூக்கி எறிஞ்சா?"

"முள்ளுப் புதர்ல விழும். எடுத்துட்டு வரும்போது உடம்புல சட்டை இருக்காது," என்றான் அவள் அண்ணன்.

"அப்ப எப்படித்தான் எறியறது?"

"அதையும் நானே சொல்லிட்டா எப்படி?" அப்பா தொண்டையைக் கனைத்தார். "காலையில நான் ரெண்டு எறியில முடிச்சேன். அப்புறம் இவன் போனான், மூணு. எங்க வீட்டுக்கு மருமகனா வர்றவர், எத்தனை எறியானாலும் சரி, இதை முடிச்சுட்டு வரணும். கல்யாணப் பேச்சை இன்னிக்கே முடிக்கறதா, வேண்டாமான்னு அப்புறம் பார்ப்போம்."

டாக்டர் அவளைத் திரும்பிப் பார்த்தான். எப்போதும் "கையை இறக்குங்க, தோளைத் திருப்புங்க" என்று நச்சரிப்பவள், இன்று வேலியில் சாய்ந்துகொண்டு வாயே திறக்கவில்லை.

"கூட யாராவது வந்து எண்ணுவாங்களா சார்?"

அவர் முகம் கடுத்தது. "எண்ணறதா? எங்க குடும்பத்துல ஒருத்தர் சொன்ன கணக்கை இன்னொருத்தர் சரிபார்க்கற வழக்கமே கிடையாது. எங்கப்பா காலத்துலேருந்து வாய்ச்சொல்தான். தனியாப் போங்க, தனியா வாங்க. எத்தனைன்னு சொல்லுங்க. போதும்."

முதல் எறி மரத்தில் மோதி அவன் காலடிக்கே உருண்டு வந்தது.

"கூப்பிடாமலே வருது பாருங்க, வளர்த்த நாய் மாதிரி!" அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான்.

இரண்டாவது எறி எப்படியோ இடைவெளிக்குள் புகுந்து மறைந்தது. அவன் மேட்டைச் சுற்றிக்கொண்டு போனான்.

அங்கே தட்டு கிடந்தது. புல் இருந்தது. புதர் இருந்தது. கூடையைக் காணோம்.

இடப்பக்கம்தானே? யாருக்கு இடப்பக்கம்? புதரை ஒரு சுற்றுச் சுற்றினான். மறுபடி மேட்டடிக்கு வந்தபோது, எந்தப் பக்கமிருந்து வந்தோம் என்பதே குழம்பிப்போயிற்று. மரத்துக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். அண்ணாந்து கிளைகளைக்கூடப் பார்த்தான். அந்த மனிதர் மேலே கட்டித் தொங்கவிட்டிருந்தாலும் ஆச்சரியமில்லை.

காலையில்தான் அப்பாவும் மகனும் ஆடியிருக்கிறார்கள். அப்படியானால் கூடை இங்கேதான் இருக்கிறது. கோளாறு தன் கண்ணிலா, புத்தியிலா? இத்தனை பெரிய கம்பத்தைக் கண்டுபிடிக்கத் தெரியாதவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்?

"என்ன டாக்டர், அங்கேயே கிளினிக் போட்டுட்டீங்களா?" மேட்டுக்கு அப்பாலிருந்து அண்ணனின் குரல்.

இன்னொரு முறை தேடினான். பிறகு தட்டை எடுத்துத் துடைத்துக்கொண்டு திரும்பி நடந்தான்.

"எத்தனை?" என்றார் அப்பா.

கூடையையே காணவில்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தான். அண்ணனின் இளிப்பைப் பார்த்ததும் நாக்கு வேறு பக்கம் புரண்டது.

"ஆறு சார். கடைசி எறி சங்கிலியில பட்டு... கலகலன்னு உள்ள விழுந்துச்சு."

"முதல் தடவையே ஆறா!" அப்பா அவனைக் கட்டிக்கொண்டார். "சங்கிலிச் சத்தம் இங்கே வரைக்கும் கேட்டுதே! இனிமே சார் கீரெல்லாம் எதுக்கு? மாமான்னு கூப்பிடுங்க மாப்பிள்ளை!"

"நான்கூட என்னமோன்னு நினைச்சேன். கெட்டிக்காரர்தான்," என்று அண்ணன் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

இருவரும் அம்மாவிடம் சொல்ல வீட்டுக்குள் ஓடினார்கள். அப்பாடா என்று டாக்டர் மூச்சு விட்டான். ஆனாலும் அந்தக் கூடை எங்கேதான் போய்த் தொலைந்தது?

"ஒரு நிமிஷம் வாங்க," என்று அவள் அவனை வேலி ஓரத்துக் கருவி அறைக்கு அழைத்துப் போனாள். கதவைத் திறந்தாள்.

தரையில், கம்பத்தோடு படுத்துக் கிடந்தது கூடை.

"நேத்து சாயங்காலம் வெல்டிங் விட்டிருந்துச்சு, கழட்டிட்டு வந்துட்டேன். காலையில அப்பாகிட்ட சொல்லலாம்னு போனா, 'ரெண்டு எறி'ன்னு மார் தட்டிக்கிட்டு நிக்கறாரு. பின்னாலேயே அண்ணன் மூணுங்கறான்," என்றாள் அவள். "எங்க வீட்டுக்கும் உங்களுக்கும் பொருத்தம் பிரமாதம் டாக்டர், எனக்கும் உங்களுக்கும்தான் இல்ல."