பாத்ரூமில் வழுக்கியவர்கள்

"பொண்ணு பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டான்னு எழுதிக்குங்க, சயாமா."

வேலம்மா இப்படிச் சொன்னதும் சத்யபாமாவின் கையில் இருந்த பேனா அப்படியே நின்றது.

லான்மடா பேட்டையில் இருக்கும் இந்தச் சின்ன கிளினிக்கில் அவள் பதினெட்டு வருடமாக நர்ஸ், எல்லோருக்கும் சயாமா. பாத்ரூமில் விழுந்தவர்களை வேண்டிய மட்டும் பார்த்திருக்கிறாள். மணிக்கட்டு முறியும், இடுப்பு பிசகும். ஜிகினா பாவாடையும் கையில் குஞ்சமுமாக யாரும் பாத்ரூமில் வழுக்குவதில்லை.

கட்டிலில் கிடந்த வேலம்மாவின் மகள் தமிழ்மணிக்குப் பதின்மூன்று வயது. முன்பற்கள் இரண்டும் போய்விட்டன. நெற்றி புடைத்திருந்தது. கன்னத்தில் பூசிய தனாக்கா மரப்பட்டைச் சாந்து ரத்தத்தோடு கரைந்து கழுத்துவரை வழிந்திருந்தது. டாக்டர் உதட்டில் ஐந்து தையல் போட்டு, தலைக்கு ஸ்கேன் எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த அறைக்குப் போயிருந்தார்.

இந்த வருடம் அதே பள்ளியிலிருந்து இது நான்காவது பெண்.

நான்கு பேருமே சியர் அணி. விளையாட்டு விழாவில் தோள்மேல் தோளாக மூன்று அடுக்கு ஏறி நின்று கத்த வேண்டும். யார் எடை குறைவோ அவள் உச்சியில். அவள் விழுந்தால் அடுத்த நோஞ்சானைத் தேடிப் பிடித்து ஏற்றிவிடுவார்கள்.

கீழே வெறும் சிமெண்ட் தரை.

மெத்தை இல்லாமல் இல்லை. பெற்றோர்கள் சேர்ந்து வாங்கிக் கொடுத்த மெத்தை பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் ஸ்டோர் ரூமில் சாய்ந்து நிற்கிறது. போட்டியன்று விருந்தினர் முன்னால் புதிதாக விரிக்க வேண்டுமாம். இப்போதே விரித்தால் அழுக்காகிவிடுமாம். பிள்ளைகளுக்குப் பல் போனால் போகட்டும், மெத்தையில் கறை படக்கூடாது!



வேலம்மாவின் பயம் சத்யபாமாவுக்குப் புரியாமல் இல்லை. அடிபட்ட கேஸ் என்று எழுதினால் போலீஸ் வரும். இந்த ராணுவ ஆட்சிக் காலத்தில் போலீஸ் ஸ்டேஷன் பக்கம் தலைவைத்துப் படுக்க யாருக்குத் துணிவு இருக்கிறது? அதனால் எல்லா அம்மாக்களும் பாத்ரூம் என்கிறார்கள். கேஸ் நோட்டில் பாத்ரூம்தான் குற்றவாளி. பள்ளிக்கூடம் சுத்தம். சனிக்கிழமை போட்டி, அதற்குள் ஐந்தாவதாக ஒரு பெண் உச்சியில் ஏறிவிடுவாள்.

சத்யபாமா ஆத்திரத்தை அடக்க முடியாமல் கத்திவிட்டாள். தாயா நீ என்று கேட்டாள். உண்மையை எழுத ஒருத்திக்காவது முதுகெலும்பு வேண்டாமா என்று கேட்டாள். வெளியே மருந்துக்கு நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

வேலம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

கட்டிலில் இருந்த தமிழ்மணிதான் மரத்துப்போன உதட்டை மெல்ல அசைத்தாள்.

"ரேவதி அக்காவும் பாத்ரூம்லதானே விழுந்தாங்க, ஆன்ட்டி?"

ரேவதி, சத்யபாமாவின் மகள்.

சத்யபாமா கேஸ் நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினாள். ஜனவரி. ரேவதி, வயது பதினான்கு, இடது கன்ன எலும்பு முறிவு. காரணம், பாத்ரூமில் வழுக்கி. சத்யபாமாவின் கையெழுத்துதான்.

அன்று அணிக்குப் பயிற்சி கொடுக்கும் சயா, பள்ளி வாத்தியார், வந்து கெஞ்சினார். அணியைக் கலைத்துவிடுவார்கள் என்று ரேவதி அழுதாள். ஸ்டேஷன் பயம் வேறு. சத்யபாமா ஒரு நிமிஷத்தில் எழுதிவிட்டாள். அடுத்த மாதம் இரண்டாவது பெண் வந்தபோது, என்ன சொல்ல வேண்டும் என்று அந்தப் பெண்ணின் தாயைத் தனியே அழைத்துச் சொல்லிக் கொடுத்தவளும் அவள்தான்.

ரேவதி நின்ற இடத்தில் அதற்குப் பிறகு ஏறி விழுந்தவர்கள் மூன்று பேர்.

சத்யபாமா ஜனவரி வரியைக் கோடு போட்டு அடித்தாள். அதற்கு மேலே, 'பள்ளியில், மூன்றாவது அடுக்கிலிருந்து, சிமெண்ட் தரையில்' என்று எழுதினாள். பக்கத்தில் தன் முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அதற்குப் பிறகுதான் அவளால் வேலம்மாவின் முகத்தைப் பார்க்க முடிந்தது.