என்னவென்றால்...

"இந்த வருஷமும் மைக் செத்துச்சுன்னா, மாலை மைக்குக்கு இல்லய்யா, உன் தொழிலுக்கு" என்றார் செயலாளர்.

மைக் செட்காரர் ஸ்பீக்கரைத் துடைத்துக்கொண்டிருந்தார். குடியிருப்போர் சங்கத்தின் வசந்த விழாவில் வருஷா வருஷம் அவருடைய பெட்டிதான் பாடும். சாக்கு ஓட்டத்துக்குப் பாடும், நாய்க் கண்காட்சிக்குப் பாடும், சுருதியோடு பேச்சுவார்த்தையே இல்லாத மகளிர் பாட்டுக் குழுவுக்கும் முகம் சுளிக்காமல் பாடும். தலைவர் பேச எழுந்தால் மட்டும் 'கொய்ங்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு உயிரை விட்டுவிடும்.

அந்தச் சத்தமே மைக் செட்காரருக்குப் பெயராகிவிட்டது. காய்கறிக் கடைக்காரர்கூட "வாங்க கொய்ங்" என்றுதான் கூப்பிடுகிறார்.

"அடுத்த வருஷம் உன் மச்சினனைப் போட்டுக்கறேன். அவனும் எத்தனை வருஷமா கேட்டுக்கிட்டு இருக்கான்!" என்றார் செயலாளர் மறுபடியும்.

இதுதான் கொய்ங்குக்குச் சுருக்கென்றது. ஸ்பீக்கருக்கு முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று அந்தப் பயலுக்குக் கற்றுக்கொடுத்ததே இவர்தான். அவன் இந்த மேடையில் ஏறிவிட்டால், வீட்டில் மனைவி தம்பி புராணத்தைப் பாடிக்கொண்டேதான் சாப்பாடு போடுவாள்.

அதனால் இந்த முறை எல்லாமே புதுசு. புது மைக், புது ஒயர். ஒயர்கள் சேரும் இடங்களில் காயத்துக்குக் கட்டுப் போட்ட மாதிரி டேப் சுற்றியிருந்தார். போதாததற்கு, ஒயரே இல்லாத மைக் ஒன்றையும் தலைவரிடம் நீட்டினார்.

தலைவர் அதைத் தொடக்கூட இல்லை. "ஐஸ்கிரீம் மாதிரி கையில பிடிச்சுக்கிட்டா பேசறது? எனக்கு மேசை வேணும், ஒயர் வேணும். அப்பதான் பேச்சு வரும்" என்றார்.

பேச்சில் தலைவர் புலி என்று ஊருக்கே தெரியும். யாரும் முழுசாகக் கேட்டதில்லை என்பதால் அந்த மதிப்பு ஏறிக்கொண்டேதான் போனது. "கத்திப் பேச எனக்கும் தெரியும். ஆனா கடைசி வரிசைக்குக் கேக்காதே! அவங்களுக்கு அநியாயம் பண்ண மாட்டேன்" என்று ஒவ்வொரு வருஷமும் கம்பீரமாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். கைதட்டல் காதைப் பிளக்கும்.

மாலை வெயில் சாய்ந்தது. பூங்கா மரங்கள் ஆம்ப்ளிஃபையர் மேல் பூவாகக் கொட்டின. பூந்தூள் ஒத்துக்கொள்ளாதவர்கள் ஆளுக்கொரு மூலையில் தும்மிக்கொண்டிருந்தார்கள். தலைவர் எழுந்து, நெஞ்சுயரம் வரை அடைத்திருந்த பேச்சு மேசைக்குப் பின்னால் போய் நின்றார்.

"செயலாளர் அவர்களே, பொருளாளர் அவர்களே, பூச்செடி விற்க வந்திருக்கும் தாய்மார்களே, பரிசு பெற்ற நாய்களே, பெறாத நாய்களின் உரிமையாளர்களே, அனைவருக்கும் வணக்கம். இந்த வசந்த விழாவிலே நான் சொல்ல விரும்புவது என்னவென்றால்..."

கொய்ங் மூச்சைப் பிடித்துக்கொண்டார். வழக்கமாக இந்த இடத்தில்தான் போகும்.

போகவில்லை.

"என்னவென்றால்..." என்றார் தலைவர் மறுபடியும். கடைசி வரிசை வரை கணீரென்று கேட்டது. கொய்ங் செயலாளரைப் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டார்.

"என்னவென்றால்..." தலைவரின் நெற்றியில் வியர்வை வழிந்தது. மேசை லேசாக ஆடியது. குரல் தழுதழுத்தது.

"உணர்ச்சிவசப்பட்டுட்டாருங்க, பாவம்" என்று முன்வரிசை அம்மா ஒருவர் மூக்கை உறிஞ்சினார். கூட்டம் கைதட்டியது. மேசை இன்னும் வேகமாக ஆடியது.

அடுத்த 'என்னவென்றால்' பாதியில் இருக்கும்போது, மைக் 'கொய்ங்' என்று உயிரை விட்டது.

செயலாளர் பல்லைக் கடித்தது மைக் இல்லாமலே கேட்டது. கொய்ங் மேடைக்குப் பின்னால் ஓடி, திரைக்கு அடியில் தவழ்ந்து, மேசையின் பின்பக்கம் தலையை நுழைத்தார்.

தலைவரின் வலது காலில் ஷூ இல்லை. கட்டைவிரலும் பக்கத்து விரலும் ஒயரைக் கிடுக்கி மாதிரி கவ்விக்கொண்டிருந்தன. டேப் நார்நாராகக் கிழிந்து கிடந்தது.

கொய்ங்குக்கு ரத்தம் தலைக்கேறியது. இத்தனை வருஷத்து அவமானமும் இந்தக் காலாலா வந்தது? மச்சினன் இவரையும் கைக்குள் போட்டுக்கொண்டானா? ஒயரின் இரண்டு முனைகளையும் கையில் எடுத்தார். மாட்டிவிட்டு, அதே மைக்கில் ஊருக்கே சொல்லிவிடலாம்.

தலைவர் எதையோ கீழே போட்டுவிட்டவர் போலக் குனிந்தார். "மாட்டாதப்பா. உன் கால்ல வேணும்னாலும் விழறேன்."

"விழுந்து தொலைக்காதீங்க, எல்லாரும் பாக்கறாங்க!"

புலியின் கண்ணில் தண்ணீர் நின்றது. அதைப் பார்த்த பிறகு கொய்ங்குக்குக் கை வரவில்லை. ஒயரைப் போட்டுவிட்டு, வந்த வழியே தவழ்ந்து வெளியே வந்தார்.

"சரியாகாதுங்க. உள்ளேயே ஏதோ போயிடுச்சு" என்றார் செயலாளரிடம்.

"அப்ப நீயும் போயிடு. நாளைக்கே உன் மச்சினனை..."

"அந்தப் பேச்சே வேண்டாம்" என்று ஒற்றை ஷூவோடு நொண்டிக்கொண்டே வந்தார் தலைவர். "நான் தலைவரா இருக்கற வரைக்கும் இங்க மைக் செட் இவர்தான்."

"என்ன மனசு தலைவரே உங்களுக்கு!" செயலாளர் நெகிழ்ந்துபோய்க் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, கூட்டத்தைச் சமாளிக்க ஓடினார்.

திரைக்குப் பின்னால் இருவர் மட்டும் நின்றார்கள். "நீங்க என் மச்சினன் ஆளும் இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு. அப்புறம் எம்மேல என்னதாங்க கோபம் உங்களுக்கு?" என்று கேட்டார் கொய்ங்.

ஷூவுக்குள் காலை நுழைத்தபடியே, தலையை நிமிர்த்தாமல் தலைவர் சொன்னார்:

"வணக்கத்துக்கு அப்புறம் எனக்கு ஒண்ணுமே வராதுப்பா."