மூக்குப் பரீட்சை

“மாத்திரை போடாம ஒரு நாள் முழுக்கக் காய்ச்சல் இல்லாம இருந்தீங்களா?” என்று நர்சு ரோஜா ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டுப் பதினோரு நாளாகிவிட்டது. “இருந்தேங்க” என்று சுஜாதா அப்போதே சொல்லிவிட்டாள். ஆனாலும் இன்று காலை வரை அவள் அந்த அறையை விட்டு வெளியே வரவில்லை.

“இருமலும் கொறைஞ்சிருச்சு. இனி நீங்க வெளிய வரலாம். இன்னும் அஞ்சு நாளைக்கு மாஸ்க்கு மட்டும் போட்டுக்கங்க” என்றுதான் நர்சு சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டையே பயமுறுத்திய சளிக்காய்ச்சல் இவ்வளவு லேசாகப் போய்விடுமா என்று சுஜாதாவுக்குச் சந்தேகம். கேட்டிருக்கலாம். கேட்டால் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள் என்று தெரிந்துவிடுமே என்று வாயை மூடிக்கொண்டாள். வாயை மூடிக்கொள்வதில் அவளை மிஞ்சப் போடி ஊரிலேயே ஆள் கிடையாது.

நர்சு தெரு முனை திரும்புவதற்குள் அவளாகவே ஒரு பரீட்சையைக் கண்டுபிடித்துவிட்டாள். கொரோனா வந்தவர்களுக்கு வாசம் தெரியாமல் போனதை அவள் பார்த்திருக்கிறாள். நான்கு வருடத்துக்கு முன் ஏலக்காய்க் கடையில் காய் தரம் பிரிக்கப் போன முதல் நாள், அந்த வாசத்தில் தலை கிறுகிறுத்து வாசற்படியில் உட்கார்ந்தவள் அவள். அதே வாசம் மறுபடி மூக்கில் ஏற வேண்டும். ஏறினால்தான் நோய் முழுதாகப் போனது என்று அர்த்தம். அதுவரை ஒன்றரை வயது மகன் நிலவன் பக்கம் போவதில்லை.

பெரிய டாக்டர்களுக்குக்கூட இப்படியொரு யோசனை தோன்றியிருக்காது என்று அவளுக்குக் கொஞ்சம் பெருமைதான். வெளியே சொல்ல வெட்கமாக இருந்ததால் யாரிடமும் சொல்லவில்லை.

தினமும் காலையில் மாமியார் குருவம்மாளிடம் ஒரு ஏலக்காய் கேட்பாள். அதே கடையில் இருபது வருடமாகக் காய் பிரிக்கிற குருவம்மாள், டப்பாவில் தேடி நல்ல காயாக எடுத்து ஜன்னல் வழியே நீட்டுவாள். சுஜாதா சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, தோலை உரித்து, கண்ணை மூடி மோந்து பார்ப்பாள். ஒன்றும் தெரியாது. மாஸ்க்கை இரண்டாக மாட்டிக்கொண்டு மறுபடி படுத்துவிடுவாள்.

பதினோரு நாளில் பதினோரு காய்களும் அவளைப் பெயிலாக்கிவிட்டன.

இன்று கெடு. நாத்தனார் கார்த்திகா சிலமலையிலிருந்து வந்திருந்தாள். மலைத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றும் சோலியை ஒரே நடையோடு முடித்துக்கொண்டு, கணவன் சின்ராசு ஜீப்பை வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான்.

“மதினி, இன்னைக்கும் ஒங்களுக்குச் சரியாகலைன்னா நான் நிலவனைக் கூட்டிட்டுப் போறேன். ஒரு மாசம் எங்கிட்ட இருக்கட்டும்” என்றாள் கார்த்திகா, கதவுக்கு அந்தப் பக்கம். “வந்ததுலருந்து என்னையத்தான் அம்மாங்கிறான்.”

சுஜாதா துள்ளி எழுந்து ஜன்னலுக்கு வந்தாள்.

“கொஞ்சம் பொறு கார்த்திகா. அத்தே, வெரசா ஒரு காய் கொண்டாங்க. நல்லா பெருசா.” குருவம்மாள் காயை நீட்டியபோது சுஜாதா சட்டென்று தலையைத் தூக்கினாள். “அத்தே, பால் தீயுது பாருங்க.”

பின்கட்டு அடுப்பை மறந்தே போயிருந்த குருவம்மாள் உள்ளே ஓடினாள்.

சுஜாதா காயை உரித்து மூக்கோடு அழுத்தினாள். ஒன்றுமில்லை. இன்னும் பலமாக இழுத்தாள். விதை ஒன்று உள்ளே போய்த் தும்மல் வந்ததுதான் மிச்சம். ஒன்றல்ல, வரிசையாக ஆறு.

“இன்னும் இந்தத் தும்மு தும்முறாங்க. கெளம்புண்ணே” என்றாள் கார்த்திகா. ஜீப்பு உறுமியது. அவள் இடுப்பில் இருந்த நிலவன், பயணம் என்றதும் கையைத் தட்டிச் சிரிப்பது கேட்டது.

குருவம்மாள் கரித்துணியோடு ஜன்னலுக்குத் திரும்பி வந்தபோது சுஜாதா முழங்காலில் முகத்தைப் புதைத்திருந்தாள்.

“என்னத்தா, காய்ச்சல் திரும்பிருச்சா?”

“இல்ல அத்தே.”

“நெஞ்சுல சளி கட்டியிருக்கா?”

“அதெல்லாம் எப்பயோ போயிருச்சு.”

“பெறகு எதுக்குடி உள்ளயே கெடக்குற? புள்ளைய அங்க ஏத்திக்கிட்டு இருக்காக.”

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று சுஜாதா நிமிர்ந்தாள். “ஏலக்காய் மணக்கலையே அத்தே. அது மணக்குற வரைக்கும் நோய் இருக்குன்னுதான அர்த்தம்? அதுக்குத்தான தெனம் ஒரு காய் வாங்கி மோந்து பாத்தேன்.”

“நீ தொண்டைக்கு மெல்லுறேன்னுல்ல நெனச்சேன்” என்றாள் குருவம்மாள். பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மருமகளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“அடி கூறுகெட்டவளே, நாலு வருசமாத் தெனம் அதுலயே கெடக்குற மூக்குக்கு அது எங்க மணக்கும்? எனக்கே மணந்து இருபது வருசமாச்சு.”

சுஜாதா நாதாங்கியைத் தள்ளிவிட்டு ஜீப்பை நோக்கி நடந்தாள்.